பின்கதவுக் காட்சி

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே பிள்ளைகள் உட்பட எல்லோரும் சுகம். எனக்குத்தான் காலையில் எழுந்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? லிஃப்ட் சரி செய்துவிட்டார்களா, இல்லை இன்னும் ஏழு மாடியும் நடந்துதான் ஏறுகிறாயா?

ஒரு விஷயம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் தெருவில் சினிமா எடுக்கப் போகிறார்கள். நம் ஆட்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்களே, அந்த நாட்களைப் பற்றிய படம். கதாநாயகன் யார் தெரியுமா? என் மாமனார்தான். ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், கொல்ல வந்தவர்களின் இனத்திலேயே பிறந்தவர், நம் ஆட்கள் ஒன்பது பேரைத் தன் கடைக்குள் மறைத்துவைத்துக் காப்பாற்றினார் என்பதுதான் கதை.

டைரக்டர் நம் ஆள்தான், சின்ன வயது. கடைக்கு வந்தவர் மாவு பிசையும் மேஜையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "ஐயா, உங்க அப்பா மாதிரி ஒருத்தர் எங்க தெருவுல இருந்திருந்தா எங்க தாத்தா பொழச்சிருப்பார்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

படம் முடிகிற இடத்தில் நடிகர்கள் போய்விடுவார்களாம். நிஜமாகவே பிழைத்தவர்கள் கடை முன்னால் வந்து நின்று ஆளுக்கொரு பூ வைப்பார்களாம். ஒன்பது பேரில் இப்போது மிச்சம் நீயும் நானும்தான். உன்னை வரச் சொல்லிக் கேட்கிறார்கள். வா அக்கா. என் கல்யாணத்துக்குக்கூட வராமல் இருந்துவிட்டாய், இதற்காவது வா.

அவரும் உன்னை விசாரித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 2

தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. லிஃப்ட் ஓடுகிறது, ஆனால் ஐந்தாம் மாடிக்காரி நாயோடு அதில் வருவதால் நான் படியிலேயே போகிறேன். போன வருஷம் என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். நாய் சுளிக்கவில்லை, அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் விரலை வெந்நீரில் வை. பாத்திரம் கழுவ மருமகள்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கும் கை இருக்கிறது.

படம் எடுக்கிறார்களா, எடுக்கட்டும். இந்த மாதிரிப் படங்களை என் மகள் டி.வி.யில் போடுவாள், நானும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு நல்ல மனுஷன் இருப்பான். செத்தவர்கள் கூட்டமாக இருப்பார்கள், அவர்களுக்கு முகம் இருக்காது. நல்ல மனுஷனுக்கு மட்டும் முகம் உண்டு, வீடு உண்டு, பெண்டாட்டி உண்டு, அவன் நடந்தால் பின்னால் வயலின் உண்டு. பார்க்கிறவன் வீட்டுக்குப் போகும்போது, அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் இப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு போவான். கொன்றவன் பேரனும் அப்படியே நினைத்துக்கொண்டு போவான். டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலைதான்.

நான் வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த டைரக்டரிடம் ஒன்று கேட்டு எழுது. அவர்கள் கதையில் அம்மா எங்கே சாகிறாள்?

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பதே எனக்குப் போதும். வெந்நீர் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை.

நீ சொன்னபடி கேட்டேன். அவர்கள் கதையில் அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் தெருவிலேயே சாகிறார்கள். நாம் இருவரும் ஓடிப்போய்க் கடைக் கதவைத் தட்டுகிறோம், மாமா திறந்து இழுத்துக்கொள்கிறார். கீழறையில் ஒளித்துவைக்கிறார். மெழுகுவர்த்தி, ஈரச் சுவர். உன்னைப் போல நடிக்கிற பெண் எலும்பும் தோலுமாக இருக்கிறாள், அதற்காகப் பட்டினி கிடக்கிறாளாம், பாவம்.

எனக்கு அம்மாவைப் பற்றித் தெரிந்ததும் அவ்வளவுதானே. அப்போது எனக்கு ஆறு வயது. யாரோ என் கையில் ஒரு சூடான ரொட்டியைக் கொடுத்தது மட்டும்தான் நினைவு. 'உங்கம்மா வழியிலேயே போயிட்டா' என்று அத்தை, என் மாமியார், சொல்லியிருக்கிறாள். நீ ஏன் அதைக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் நாயைக்கூட விசாரிக்கிறாய். என் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருப்பாயா? உன்னைக் காப்பாற்றிய மனுஷனின் மகன் அவர். விடிவதற்கு முன்னால் எழுந்து இன்றைக்கும் தன் கையால் மாவு பிசைகிறார். யாரிடமும் அதிர்ந்து பேசத் தெரியாது. அவர் உனக்கு என்ன செய்தார்?

உன் தங்கை

*

மார்ச் 16

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் பெரிய கடிதம் இது, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி.

கீழறை ஏது அந்தக் கடையில்? அடுப்புக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்குகிற அறையில்தான் இருந்தோம். ஈரச் சுவராம். மாவு வைக்கிற இடத்தில் ஈரம் இருந்தால் அவர் எப்படி வியாபாரம் செய்வார்? பட்டினியாம். ரொட்டிக்கடையில் ஒளிந்தவர்கள் பட்டினியா கிடந்தோம்? நான் வெளியே வந்தபோது கன்னம் உப்பியிருந்தது. முகாமில் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த வீட்டு விருந்துக்குப் போயிருந்தடி நீ?" என்று கேட்டாள். அவள் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அவளை நான் மன்னிக்கவும் இல்லை.

நம்மைக் கொல்ல லாரியில் வந்தவர்களுக்கும் அவர்தான் ரொட்டி சுட்டார். அதனால்தான் அந்தக் கடையை மட்டும் புரட்டிப் போடவில்லை. அதே அடுப்பு, அதே மாவு. முதல் தட்டு அவர்களுக்கு, மிஞ்சியது நமக்கு.

அம்மா வழியில் சாகவில்லை. நம்மோடு கடைக்குள் வந்தாள். தம்பிக்குப் பல் முளைக்கிற நேரம், ஓயாமல் அழுதான். அம்மா மார்பை வாயில் திணித்தாள், பால் இல்லை. மறுநாள் காலை உன் மாமனார் உள்ளே வந்தார். கையெல்லாம் மாவு. இதுதான் அவர் பேசியது, ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை: "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இவன் சத்தம் கடை வரைக்கும் கேக்குது. ரொட்டி வாங்க வந்தவன் ஒருத்தன், உள்ள யாரு கொழந்தன்னு கேட்டுட்டான். நீங்க இவனத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுங்க. பொண்ணுங்க ரெண்டும் இருக்கட்டும்."

உன் அத்தை, "எங்க போவா அவ?" என்று கேட்டாள்.  நம் ஆட்கள் ஏழு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனாள். கதவு சாத்தப்பட்டது. குறுக்குக் கட்டை போடப்பட்டது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது பேரை வைத்துக்கொண்டார், இரண்டு பேரை அனுப்பினார். இரண்டையும் செய்தது ஒரே மனுஷன். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்காதே என்றுதான் சொல்கிறேன். நான் முகாமுக்குப் போன பிறகும் நீ அந்த வீட்டிலேயே வளர்ந்தாய், சாப்பிட்டாய், வாழ்க்கைப்பட்டாய். அதனால் இத்தனை காலம் சொல்லவில்லை. இப்போது அம்மாவைத் தெருவில் போட்டுக் கொல்லப் பார்க்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

அந்தப் பின்கதவில் அம்மா நிற்கிற காட்சி இருந்தால் நான் வருவேன், பூவும் வைப்பேன். இல்லாவிட்டால் என்னை விட்டுவிடு.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஈஸ்ட் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். தினமும் எடுப்பேன், திரும்ப வைப்பேன். அவரிடம் காட்டவில்லை.

எனக்கு உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அத்தை எனக்குத் தலை பின்னிவிட்ட கைகளை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

டைரக்டரிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "அம்மா, நீங்க சொல்றது நடந்திருக்கும். ஆனா அப்படி ஒரு கொலையே நடக்கலன்னு இன்னிக்கும் சொல்றவன் இருக்கான். காப்பாத்தினவரே ஒரு தாயை வெளிய அனுப்பினார், உள்ள இருந்த நம்ம ஆளுங்க பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு நான் காட்டினா, அவன் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஊரெல்லாம் போட்டுக் காட்டுவான். பாத்தீங்களா, இவங்க சாவுக்கு இவங்களேதான் காரணம்பான். அதுக்கு நான் படம் எடுக்கணுமா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அக்கா.

ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். "எங்க தாத்தா எத்தன கதவத் தட்டினாரோ தெரியல. எனக்குத் தூக்கம் வரல. எடுத்துடலாம்" என்றார். ஜூனில் எடுக்கிறார்கள். நீ கேட்டது கிடைத்துவிட்டது. கிளம்பி வா.

உன் தங்கை

*

மே 19

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். முழங்காலில் நீர் கோத்துவிட்டது, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு உன் டைரக்டரே இரண்டு ஆட்களோடு இங்கே வந்தார். வரும்போதே ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். பரவாயில்லை, வளர்த்திருக்கிறார்கள்.

என் வீட்டைத் தலைகீழாக்கினார்கள். டி.வி.யைத் துணி போட்டு மூடினார்கள். ஜன்னலோரம் உட்காரச் சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். "கண்ணாடி இல்லன்னா உங்க மூஞ்சியே எனக்குத் தெரியாதே தம்பி" என்றேன். "நீங்க என்னைப் பார்க்க வேணாம் பாட்டி, தூரமாப் பாருங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே தூரமாக இருப்பது எதிர் வீட்டுக்காரனின் உள்ளாடை காய்கிற கொடி. அதைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"அவர் கதவைத் திறந்தப்போ உங்களுக்கு எப்படி இருந்துது?" என்று கேட்டார்.

"கதவைத் திறந்தார். எங்க அம்மாவ வெளிய அனுப்பிட்டுச் சாத்தினார்" என்றேன்.

 பிறகு ஒலிப்பதிவுக்காரன் கையைத் தூக்கினான். முதல் பாதியில் கீழே குப்பை வண்டியின் சத்தம் வந்துவிட்டதாம். "அத மட்டும் இன்னொரு தடவ சொல்லிடுங்க பாட்டி" என்றார் டைரக்டர். "அவர் கதவைத் திறந்தார்" என்று சொன்னேன். "கொஞ்சம் மெதுவா" என்றார். மெதுவாகவும் சொன்னேன்.

டைரக்டர் மரியாதையான பையன்தான். போகும்போது என் காலைத் தொட்டு வலிக்கிறதா என்று கேட்டான். பின்கதவை எடுக்கிற அன்றைக்கு நீ போய் நில். நின்று பார்த்து, பார்த்தபடி எழுது.

அக்கா

*

ஜூன் 30

அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

நீ சொன்ன காட்சியை எடுத்தார்கள். நன்றாகவே எடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். அவர்கூட அந்த நடிகர்களுக்கு ஏதோ சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருக்குக் காய்ச்சல். கடையைப் பெரியவன் பார்த்துக்கொள்கிறான். வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை

*

ஜூலை 14

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. கால் வீக்கம் வடிந்துவிட்டது.

பார்த்தபடி எழுது என்றேன். நன்றாக எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். கல்யாண போட்டோவா அது, நன்றாக எடுப்பதற்கு?

உன் வீட்டுக்காரர் ஏதோ சொல்லிக்கொடுத்தார் என்கிறாயே, என்ன சொல்லிக்கொடுத்தார்?

அக்கா

*

செப்டம்பர் 21

தங்கச்சிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதவும். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் உன் மருமகள் எடுத்து, அத்தை குளிக்கிறார்கள் என்கிறாள். எத்தனை தடவைதான் குளிப்பாய்?

பஸ் நிறுத்தத்தில் படத்தின் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். உன் மாமனாராக நடிக்கிறவர் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் குழந்தையுமாக நிற்கிறார். எந்தக் குழந்தை அது?

அக்கா

*

நவம்பர் 25

சின்னவளுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. படம் பார்த்துவிட்டு வந்தும் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் எனக்கு ஒன்றும் வராது.

மகளும் பேத்தியும் கூட்டிப்போனார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் என்னை உட்காரவைத்தார்கள், நான் ஓடிவிடுவேன் என்பது போல.

பின்கதவு வந்தது. நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன் மாமனார் முட்டி போட்டு அழுகிறார். 'போகாதீர்கள் அம்மா' என்று அவளைக் கெஞ்சுகிறார். அம்மா அவர் தலையில் கை வைத்து, 'என் ஒரு குழந்தைக்காக ஒன்பது உயிர் போக வேண்டாம். இந்த உலகம் உள்ளவரை உங்கள் கருணை வாழும்' என்கிறாள். நம் அம்மா தன் வாழ்நாளில் கருணை என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. மளிகைக்காரன் நிறுவையில் ஏமாற்றினால் அவள் என்ன சொல்வாள் என்பது வேண்டுமானால் எனக்குத் தெரியும். தம்பி அழவே இல்லை. அந்தக் குழந்தை சிரித்தது.

அம்மா தானாகவே வெளியே போகிறாள். ஒரே வெளிச்சம். பின்னால் கதவை யாரும் சாத்தவில்லை. காற்று சாத்துகிறது. சின்னவளே, காற்று.

கடைசியில் நீ பூ வைக்கிறாய். பிறகு என் முகம், கண்ணாடி இல்லாமல். "அவர் கதவைத் திறந்தார்" என்கிறேன், மெதுவாக. அதோடு திரை இருட்டாகிவிட்டது. அடுத்ததைச் சொல்ல நான் வாய் திறப்பது இருட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் தெரிகிறது. பக்கத்து வரிசையில் இருந்த ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இப்படியும் மனுஷங்க இருந்திருக்காங்களே, அது போதும்மா" என்று அழுதாள். எனக்குப் போதவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன்.

எடுத்தார்கள் என்று எழுதினாயே. எடுத்தது எங்கே?

அக்கா

*

டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகம் கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை. பார்த்தபடி எழுதச் சொன்னாய். இப்போது எழுதுகிறேன்.

எடுத்தார்கள். நீ எழுதியிருந்ததைத்தான், ஒரு சொல் மாற்றாமல் எடுத்தார்கள். அம்மாவாக நடித்தவள் வெளியே போனதும், ரொட்டிக்கடைக்காரரின் மூத்த மகனாக நடித்த பையன் கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போட்டான். சுலபமாகப் போட்டான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து போனார். "தம்பி, அப்படி விழாது. எடது தோளக் குடுத்துக் கதவ அழுத்திப் பிடிச்சாத்தான் கட்ட எறங்கும்" என்று சொல்லி, அவரே தோளைக் கொடுத்து அழுத்திக் காட்டினார். பொய்க்கதவு அது, பலகை வளைந்துவிட்டது. டைரக்டர், "அடுப்புச் சூட்டுல கட்டை உப்பியிருக்குமா ஐயா?" என்று கேட்டார். இவர் வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "கட்டை உப்பல. அவங்க அந்தப் பக்கத்துலேருந்து கதவுல கை வச்சுத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. பலமா இல்ல. ஒரு கையில கொழந்த இருந்துதுல்ல. எனக்குப் பதினேழு வயசு. அப்பா 'போடுறா'ன்னார். போட்டேன்."

அந்த மனுஷனோடு நான் முப்பத்தெட்டு வருஷம் படுத்து எழுந்திருக்கிறேன்.

காய்ச்சல் இறங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. நான்தான் டைரக்டரிடம் போனேன். "இவர ஊரு முன்னாடி நிறுத்திடாதீங்க. அந்தக் காட்சி வேணாம்" என்று கும்பிட்டுக் கேட்டேன். அவர் மறுத்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். அவருக்கும் நிம்மதியாக இருந்தது போலத்தான் தெரிந்தது. வெட்டச் சொன்னது நான். காற்றைப் போட்டது அவர்கள்.

அப்படி வெட்டியும் பயன் இல்லை. நகர மண்டபத்தில் முதல் தடவை படம் போட்டார்கள். முடிந்ததும் இவரை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, மைக்கைக் கொடுத்தார்கள். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், போய்விட்டார். "எங்கப்பா அழல. அவர்தான் அவங்கள வெளிய போகச் சொன்னார். அவங்க கதவத் தள்ளினாங்க. நான்தான் கட்டையப் போட்டேன்" என்றார்.

 பிறகு தொகுப்பாளர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த அடக்கத்தைப் பாருங்க. இத்தன உயிரக் காப்பாத்தின குடும்பம், இன்னும் காப்பாத்த முடியாமப் போனவங்களுக்காகத் தன்னையே குத்தம் சொல்லிக்குது" என்றாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவர், "இல்லீங்க, நெஜமாத்தான் சொல்றேன்" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒருவர் வந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒன்றுதான் சொன்னார். "உங்க அக்காவுக்கு எழுது. சொல்லிப் பாத்தேன்னு எழுது." அதற்குப் பிறகு அவர் பேசுவதே குறைந்துவிட்டது.

உனக்குத் தெரியுமா அக்கா? அதனால்தான் என் கல்யாணத்துக்கு வரவில்லையா?

உன் தங்கை

*

ஜனவரி 9

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகள் திட்டுகிறாள். மற்றபடி ஒன்றும் இல்லை. இதைப் படித்துவிட்டு நீயாவது வேளைக்குச் சாப்பிடு.

தெரியும். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பார்த்தேன். அவர் தோளைக் கொடுத்ததும் தெரியும். எதற்குக் கொடுத்தார் என்று உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். வெளியே போன அம்மா கதவைத் தள்ளாமல் அவளாகவே நடந்து போய்விட்டாள் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் தூங்கினேன். அதையும் இப்போது எடுத்துக்கொண்டீர்கள்.

அவர் சொன்னதாக எழுதினாய், நான் கேட்டுக்கொண்டேன் என்று சொல். மன்னித்துவிட்டாள் என்று நீயாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடாதே. நீ சேர்ப்பாய், வெட்டுவாய், உனக்கு இரண்டும் வரும்.

உன் கல்யாணத்தில் எதைச் சொல்லித் தடுப்பேன்? நான் இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தக் கறைத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கூப்பிட்டுக்கொள்ள எனக்கு ஓர் அறை கிடையாது. அந்த வீட்டை விட்டால் உனக்கு வேறு வீடு கிடையாது. சொல்லவும் முடியாது, வந்து நின்று சிரிக்கவும் முடியாது. வராமல் இருக்க முடிந்தது, அதைச் செய்தேன். படத்தை வெட்டச் சொன்னதற்கு உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாளைக்குத் திட்டுகிறேன்.

சினிமாவில் அம்மா பேசினதைத்தான் இனி எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். உன் பேரப்பிள்ளைகளும் அதைத்தான் சொல்லிக்காட்டுவார்கள். அவள் நிஜமாகப் பேசினதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அந்த டைரக்டர் பையன் கையில் கொடுத்துவிடாதே.

கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று அந்த ஏழு பேரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். உன்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, முத்தம் கொடுக்கவில்லை. நீ ரொட்டி தின்றுகொண்டிருந்தாய். அவள் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். தம்பியின் கால் என் தோளில் இடித்தது.

"சின்னவளுக்குத் தலையெல்லாம் பேன். கடைக்காரம்மாகிட்டச் சொல்லிடாத. மாவுல விழுந்துதுன்னா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. யாரும் பாக்காதப்போ எடுத்துவிடு" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

மூட்டைகளுக்குப் பின்னால் உன்னை மடியில் போட்டுக்கொண்டு தினமும் எடுத்தேன். நகத்தில் வைத்துச் சத்தம் வராமல் நசுக்கினேன். மாவில் ஒன்றுகூட விழவில்லை.

அக்கா